வாலில் ஓர் ஆ

என் பெரியப்பாவின் பேரன் போன ஜூலையில் பாரிஸிலிருந்து புதுச்சேரிக்கு வந்திருந்தான். ஒன்பது வயது. தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது மட்டும் ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பான். ஒருநாள் மத்தியானம் வைசியாள் வீதியில் இன்னொரு சொந்தக்காரர் வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து, எங்கள் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தான். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னும் சாப்புடலையா கண்ணு?”

“ஆமா ஆயா.”

ஐந்தாவது நிமிடம் தட்டு வந்துவிட்டது. சோறு, சங்கரா மீன் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். பையன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாயைத் திறக்காமல் பாதிச் சோற்றை உள்ளே தள்ளினான். அம்மா ரசம் எடுக்க உள்ளே போனதும் என் காதருகே வந்து, “சித்தப்பா, நான் சாப்ட்டேன்னுதானே சொன்னேன்?” என்றான்.

அவன் அப்படித்தான் சொன்னான். பிரெஞ்சில் சொன்னான், தமிழ்ச் சொல்லை வைத்து.

பிரெஞ்சு பேசுகிறவரிடம் ‘நீ சாப்பிடவில்லையா?’ என்று கேட்டால், சாப்பிடாதவர் ‘நோன்’ என்பார். சாப்பிட்டவர் ‘உய்’ என்று சொல்ல மாட்டார், ‘சி’ என்பார். ‘உய்’ நேராகக் கேட்ட கேள்விக்கு உரியது. ‘சி’ என்ற அந்தச் சின்னச் சொல்லுக்கு இங்கே வேலை ஒன்றுதான்: கேட்டவர் வாயிலிருந்து வந்த ‘இல்லை’யைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் ‘உண்டு’ என்று எழுதுவது. ஜெர்மன் மொழியிலும் இதே வேலைக்கு ‘டோஹ்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு நான்கு சொற்கள் புழங்கின: நேர்க் கேள்விக்கு ‘யே, நே’, எதிர்மறைக் கேள்விக்கு ‘யெஸ், நோ’. முதல் இரண்டும் வழக்கொழிந்து, மிச்சமிருந்த இரண்டின் தலையில் நான்கின் சுமையும் ஏறிவிட்டது. ஜப்பானியர்கள் வேறு கட்சி. ‘சாப்பிடவில்லையா?’ என்றால் அவர்கள் சொல்லும் ‘ஹாய்’, சாப்பிட்டதைப் பற்றிய பேச்சே இல்லை. ‘நீங்கள் சொன்னது சரி’ என்று கேட்டவருக்கு வைக்கும் ஒப்பம்.

தமிழில்? ‘சாப்புடலையா?’ என்ற கேள்விக்கு ‘ஆமா’ என்றால் ‘ஆமாம், சாப்பிடவில்லை’. ‘இல்ல’ என்றாலும் ‘இல்லை, சாப்பிடவில்லை’. பையன் எதைச் சொல்லியிருந்தாலும் தட்டு வந்திருக்கும். அவனுக்குத் தப்பிக்கும் வழியே இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம், எங்கள் தெருப் பிள்ளை ஒன்று அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். “சாப்ட்டேனே!” அவ்வளவுதான். அந்த ஏகாரம்தான் நம்முடைய ‘சி’. தொல்காப்பியர் ஏகாரத்துக்கு ஐந்து வேலை சொல்கிறார், அவற்றில் ஒன்று தேற்றம். நீ நினைப்பது போல் இல்லை, இதுதான் உறுதி என்று அடித்துச் சொல்வது. பிரெஞ்சு அந்த வேலைக்குத் தனிச் சொல்லைக் கொடுத்தது. தமிழ் வினையின் வாலில் ஒரே எழுத்தைக் கட்டிவிட்டது. ஆகாரம் கேட்க, ஏகாரம் மறுக்கிறது.

நான் பத்திரங்களை மொழிபெயர்த்துப் பிழைப்பவன். பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றுகள், ஓய்வூதிய விண்ணப்பங்கள். படிவங்களில் ‘உய்’ என்று ஒரு கட்டம், ‘நோன்’ என்று ஒரு கட்டம் இருக்கும். ‘சி’க்குக் கட்டம் வைத்த படிவத்தை நான் பார்த்ததில்லை. எழுத்தில் கேட்கும் கேள்வியில், கேட்பவர் முகத்தில் ‘இல்லை’ என்ற நினைப்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது தெரியாது என்பதால் இருக்கலாம். பேச்சில் அது தெரிந்துவிடுகிறது. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவிடம் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கிக் கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதினார். ஒருவர் கேட்டதை இன்னொருவருக்குச் சொல்லி, அவர் சொன்னதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் தொழிலின் ஒரு பாதி. அவருக்குச் சிக்கல் நீளமான வாக்கியங்களில் வந்திருக்காது. ‘ஆம்’ என்ற ஒற்றைச் சொல்லை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதில்தான் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

கேள்வி காதில் விழும்போது கேட்பவருக்குள் என்ன நடக்கிறது? பிரெஞ்சில் ‘எஸ்-கெ’ என்று தொடங்கினால், வாசலிலேயே மணியடித்துவிட்டுக் கேள்வி உள்ளே வருகிறது. இனி வரப்போவதற்கு ஆம், இல்லை என்று ஏதோ ஒன்று சொல்ல வேண்டியிருக்கும் என்று கேட்பவர் முதல் நொடியிலேயே தயாராகிவிடலாம். தமிழ் அப்படி இல்லை. “நேத்து நீ பெரிய மார்க்கெட்டுக்குப் போயி அந்த மீன்காரம்மாவுக்குப் பாக்கியைக் குடுத்துட்டி…” இதுவரை இது என்ன என்றே எழுத்தில் சொல்ல முடியாது. ‘யா’ என்ற கடைசி அசை வந்து விழும்போதுதான் அத்தனை சொற்களும் சேர்ந்து கேள்வியாகின்றன. தொல்காப்பியர் ஆ, ஏ, ஓ மூன்றையும் வினா எழுத்துகள் என்றார். இன்றைய பேச்சில் அந்தப் பாரத்தில் பெரும்பங்கைச் சுமப்பது ஆ.

அப்படியானால் தமிழ்க் காது கடைசி எழுத்து வரைக்கும் கைகட்டிக் காத்திருக்கிறதா? 2009இல் டான்யா ஸ்டிவர்ஸும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் 10 மொழிகளில் இயல்பான பேச்சைப் பதிவுசெய்து, ஆம்-இல்லைக் கேள்வி முடிந்து பதில் தொடங்குவதற்குள் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். பத்து மொழிகளையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி ஏறக்குறைய 0.2 நொடி. ஏறக்குறைய கண் இமைக்கும் நேரம். அந்தப் பத்தில் தமிழ் இல்லை. ஆனால் தமிழைப் போலவே வாக்கியத்தின் வாலில் ‘கா’ என்று வினாவைக் கட்டும் ஜப்பானிய மொழி இருந்தது. பத்தில் மிக விரைவாகப் பதில் வந்தது அதில்தான்: சராசரி 0.007 நொடி. மிகத் தாமதமான டேனிஷில் 0.469 நொடி. வினா வாலில் வருவதால் பதில் தாமதமாகும் என்ற கணக்கு இங்கே பொய்த்துப் போகிறது.

இதில் இன்னொரு புதிர். ஒரு படத்தைக் காட்டி ‘இது என்ன?’ என்றால், அந்த ஒற்றைச் சொல்லை மனதில் தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுவர ஏறக்குறைய 0.6 நொடி ஆகும். பதிலோ 0.2 நொடியில் வந்துவிடுகிறது. அப்படியென்றால் கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்போதே பதில் அடுப்பில் ஏறிவிட்டது. நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் 2015இல் இதை மூளையலைப் பதிவிலேயே பார்த்தார்கள். வினாடி-வினாக் கேள்விகளில் விடைக்குத் துப்புக் கொடுக்கும் சொல்லைச் சிலவற்றில் நடுவிலும் சிலவற்றில் கடைசியிலும் வைத்தார்கள். துப்பு நடுவில் வந்தால், கேள்வி முடியும்வரை மூளை காத்திருக்கவில்லை. துப்பு விழுந்து அரை நொடிக்குள் பதிலைக் கோக்கத் தொடங்கிவிட்டது.

இதற்கு ஆய்வகம்கூட வேண்டாம். என் அம்மா கேள்வி கேட்கும் முறையைப் பார்த்தால் போதும். “ராத்திரி வர லேட்டாயிடுச்சு” என்பாள். இதில் ஆகாரமும் இல்லை, குரலில் ஏற்றமும் இல்லை. ஆனாலும் நான், “பஸ்சு கெடைக்கலம்மா” என்று சொல்லி முடித்திருப்பேன். நான் எப்போது வந்தேன் என்பது அவளைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்ததை எனக்கே ஒருவர் எடுத்துச் சொன்னால் அது கேள்விதான். ஆக, கேட்பவர் எழுத்தை மட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதில்லை. யாருக்கு எது தெரியும், எதற்காக இப்போது இந்தப் பேச்சு, இவருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று எல்லாவற்றையும் சேர்த்தே கேட்கிறார். ஸ்டிவர்ஸ் குழுவின் கணக்கில் ஒத்துப்போகும் பதில்கள் விரைந்து வந்தன, மறுக்கும் பதில்கள் தயங்கி வந்தன. கடன் கேட்டுப் போனவர்களுக்கு இது தெரியும். எதிரே இருப்பவர் வாய் திறப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுத்தால், எழுந்துவிடலாம்.

ஆம்-இல்லைக் கேள்வி என்பது தராசு முள் நடுவில் நிற்கும் கேள்வி என்று நமக்கு ஒரு நினைப்பு. ஒரு பக்கம் ஆம், ஒரு பக்கம் இல்லை, சரிபாதி. அமெரிக்க மொழியியலாளர் டுவைட் போலிங்கர் 1978இல் இதை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார். ஆம்-இல்லைக் கேள்வி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில்லை. ஒன்றை மட்டும் எடுத்து நீட்டுகிறது என்பது அவர் வாதம். தமிழில் இதை விளக்கத் தனிக் கட்டுரை வேண்டியதில்லை. “வருவியா?” என்பது அழைப்பு. “வருவியா, மாட்டியா?” என்பது மிரட்டல். இரண்டு பக்கத்தையும் சமமாக எடுத்து வைத்த அடுத்த கணமே உறவு முறைத்துக்கொள்கிறது. நடுநிலையான கேள்விதான் நமக்குச் சண்டைக் கேள்வி.

மற்றவை எல்லாம் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தே வருகின்றன. “வருவே இல்ல?” கொஞ்சம் சாய்வு. “வருவேதானே?” நிறையச் சாய்வு. “வரமாட்டியா?” என்பதில் ஏக்கமும் இருக்கலாம், குற்றச்சாட்டும் இருக்கலாம். “வருவானோ?” என்பது யாரையும் பார்த்துக் கேட்பதில்லை. வாசலைப் பார்த்துக் கேட்பது. அதுவும் போதாதென்று, ஆகாரத்தை எந்தச் சொல்லின் வாலிலும் கட்டலாம். “நீயா நேத்து மார்க்கெட்டுக்குப் போனே?” என்றால் போனது உறுதி, போன ஆள்தான் கேள்வி. “நேத்தா போனே?” என்றால் நாள்தான் கேள்வி. இரண்டுக்கும் ‘இல்லை’ என்று பதில் சொல்பவர், மார்க்கெட்டுக்கு யாரோ, என்றைக்கோ போனதைத் தன்னை அறியாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். வழக்கறிஞர்களுக்கு இந்த வித்தை தெரியும். அதனால்தான் 1872இன் சாட்சியச் சட்டமே, கேட்பவர் விரும்பும் பதிலைச் சுட்டிக் கொடுக்கும் கேள்விக்கு வரையறை எழுதி, எப்போது அதைக் கேட்கலாம், எப்போது கூடாது என்று வேலி போட்டது.

எதிர்மறைச் சாய்வு கேட்பவருக்குக் கூடுதல் வேலை வைக்கிறது. பீட்டர் வேசன் 1961இல் எதிர்மறை வாக்கியங்களுக்கு மறுமொழி சொல்ல அதிக நேரம் ஆவதைக் காட்டினார். 1972இல் ஹெர்பர்ட் கிளார்க்கும் வில்லியம் சேஸும் ஒரு நட்சத்திரத்தையும் ஒரு கூட்டல் குறியையும் மேலும் கீழுமாக வரைந்து காட்டி, ‘நட்சத்திரம் கூட்டல் குறிக்கு மேலே இல்லை’ என்பது போன்ற வாக்கியங்கள் சரியா தவறா என்று கேட்டார்கள். ‘இல்லை’ சேர்ந்த வாக்கியங்களுக்கு நேரம் கூடியது. முதலில் மேலே இருப்பதாக வைத்துக்கொண்டு, பிறகு அதை மனதுக்குள் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. எங்கள் பையன் அதற்கும் மேலே ஒரு திருப்பம் திருப்பினான். சாப்பிட்டது, சாப்பிடவில்லை என்ற ஆயாவின் நினைப்பு, அதை மறுக்கும் ‘சி’, அதற்குத் தமிழில் ஒரு சொல். நாலு படி ஏறி இறங்கிய களைப்பில் அவன் கையில் கிடைத்தது ‘ஆமா’.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பதிமூன்றாம் நூற்றாண்டிலேயே கேள்வியை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்று ஆறாகப் பிரித்தார். ஆசிரியர் மாணவனைக் கேட்பது ஒன்று, மாணவன் ஆசிரியரைக் கேட்பது இன்னொன்று. கடையில் ‘பருப்பு இருக்கா?’ என்பது கொளல். ‘உனக்குச் சட்டை இருக்கா?’ என்று கேட்பது, இல்லையென்றால் கொடுப்பதற்காக. சொற்கள் ஒன்றாக இருந்தாலும், கேட்பவர் கையில் என்ன வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்துக் கேள்வி மாறுகிறது. எனக்கு இதைவிட வியப்பு, விடைகளை அவர் எட்டாக்கியதில். சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடி விடைகள். ஆமாமும் இல்லையும் இதற்குள் அடங்கிவிட்டன. மீதி ஐந்தும் சுற்றுவழி. ‘இதைச் செய்வாயா?’ என்றால், ‘நீயே செய்’ என்று ஏவலாம், ‘செய்யாமல் இருப்பேனா?’ என்று திருப்பிக் கேட்கலாம். ‘கை வலித்தது’ எனலாம். ‘கை வலிக்கும்’ எனலாம். ‘அதைச் செய்கிறேன்’ என்று வேறொன்றைக் காட்டலாம். இவை ஐந்தும் விடைதான் என்று இலக்கணமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது. எட்டில் ஐந்தைக் கேட்பவரின் புத்தியை நம்பி விட்டுவிட்ட இலக்கணம் அது.

அந்த ஐந்து வழியிலும் போய்ப் பழகிய காது நம்முடையது. சின்ன வயதில் அம்மா என்னைப் பானையைப் பார்த்துவரச் சொல்வாள். “அரிசி இருக்காடா?” நான் எட்டிப் பார்த்து, “இல்லம்மா” என்றதும் முதுகில் ஒன்று விழும். “இல்லைன்னு சொல்லாத. நெறஞ்சிருக்குன்னு சொல்லு.” பானை காலியாக இருந்தால்தான் அது நிறைந்திருக்கும். அந்தச் சொல்லைக் கேட்ட அப்பா ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு பையோடு கிளம்புவார். ‘நிறைஞ்சிருக்கு’ என்ற சொல் காதில் விழுந்து, மனதுக்குள் ‘இல்லை’யாகப் புரண்டு, காலில் செருப்பாக மாட்டிக்கொள்ள அவருக்கு எத்தனை நொடி ஆனது என்று யாரும் அளந்து வைக்கவில்லை.

சாய்ந்து வரும் கேள்வி சமையலறையில் ஒரு தட்டுச் சோற்றோடு போய்விடும். ஊரைப் பார்த்துக் கேட்கும்போது அப்படிப் போவதில்லை. புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூரில் 1949 ஜூன் 19 அன்று மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. பிரெஞ்சு ஒன்றியம் வேண்டாம் என்றவர்கள் மிகப் பெரும்பான்மை. புதுச்சேரியில் அப்படி ஒவ்வொருவர் காதிலும் கேள்வி விழவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேர். இந்தியாவோடு சேர்வதற்கு ஆதரவாக 170 பேர், எதிராக 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கீழூர் நினைவிடத்தில் இன்றும் அந்த ஆகஸ்ட் 16ஆம் தேதியில் கொடியேற்றுகிறார்கள்.

தனி ஆளிடம் கேட்கும் கேள்வி அந்த ஒப்பந்தத்துக்குள் இருந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். வேண்டாம், பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்கிறேன் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதே ஒப்பந்தத்தின் இன்னொரு பிரிவு, இங்கே பிறந்து அந்தத் தேதியில் இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவர்களுக்கு. அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடிப்பார்கள். இந்தியக் குடியுரிமை வேண்டும் என்றால் அதே ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கேள்வி ஒன்றே. சாய்வு மட்டும் ஆள் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறியது. இங்கே மௌனம் என்றால் இந்தியா, அங்கே மௌனம் என்றால் பிரான்ஸ்.

அப்பா அப்போது ரோடியர் மில்லில் வேலைக்குச் சேர்ந்து சில வருடம் ஆகியிருந்தது. பெரியப்பா ‘சொல்தா’, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாய். பிரான்சில் ஒரு பாசறையில் இருந்தார். அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள், ஒரே பள்ளியில் ‘உய், நோன், சி’ படித்தவர்கள். 1963 பிப்ரவரி நடுவில் ஆறு மாதக் கெடு முடிந்தபோது இருவருமே ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கவில்லை. ஒருவர் இந்தியர் ஆனார், ஒருவர் பிரெஞ்சுக்காரராக நீடித்தார். அப்பாவிடம் ஒருமுறை, “உங்களை யாரும் கேட்கவே இல்லையாப்பா?” என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, “கேட்டாங்க. எங்க காதுலதான் விழல” என்றார். அதில் வருத்தம் இருந்ததா, கேலி இருந்ததா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நன்னூலார் கணக்கில் அது எட்டில் எந்த விடை என்றும் தெரியவில்லை.

தமிழில் வினவுவதற்கும் செவிகொடுப்பதற்கும் ஒரே சொல்தான்: கேள். அம்மா கேட்டாள் என்றால் வினவினாள் என்றும் கொள்ளலாம், காதில் வாங்கினாள் என்றும் கொள்ளலாம். திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்குக் ‘கேள்வி’ என்று பெயர். அங்கே வினாக்குறிக்கு வேலை இல்லை, பத்துக் குறளும் காதைப் பற்றியவை. மூளையலைப் பதிவுகள் இப்போது சொல்வதை இந்தச் சொல் எப்போதோ தனக்குள் முடிந்து வைத்திருக்கிறது. கேள்வியில் பாதிதான் கேட்டவர் வாயில் இருக்கிறது. மறுபாதியைக் கேட்டவர் காதில் செய்து முடிக்கிறார். இந்த வாக்கியத்தில் வரும் இரண்டு ‘கேட்டவர்’களும் வேறு வேறு ஆட்கள் என்பதை வாசகர் எப்படியோ பிரித்துக்கொள்கிறார் அல்லவா, அதே வேலைதான்.

ஆகஸ்ட் கடைசியில் பையன் கிளம்பினான். சென்னை விமான நிலையத்துக்குக் கார் வாசலில் நின்றது. இரண்டாம் சாப்பாட்டுக்குப் பிறகு அவனுக்கு ஏகாரம் சொல்லிக் கொடுத்திருந்தேன். ‘குளிச்சேனே’, ‘குடிச்சேனே’ என்று ஒரு வாரம் வீடெங்கும் ஏகாரமாக இருந்தது. அம்மா அவன் தலையைத் தடவி, கையில் ஒரு பொட்டலம் முறுக்கைத் திணித்தாள். எண்பது வயது. இந்த வருடம் பார்த்தவரை அடுத்த வருடம் பார்ப்போம் என்ற நிச்சயம் இரண்டு பக்கமும் இல்லாத வயது.

“ஆயாவைப் பாக்க இனிமே வரமாட்டியா?”

எதிர்மறைக் கேள்வி. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். ‘ஆமா’ சொல்லிவிடுவானோ என்று எனக்குள் திக்கென்றது. அவன் அரை நொடி நின்றான். டேனிஷ்காரர்களின் சராசரி.

“வரேன் ஆயா” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினான்.

தமிழில் அது கேள்விக்குப் பதில். வாசலில் நிற்கிற எல்லாரும் எல்லாரிடமும் சொல்லிக்கொள்வதும் அதுதான். அவன் விடை சொன்னானா, விடை பெற்றானா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா அதற்குள் உள்ளே போய்விட்டாள். அவன் படுத்திருந்த பாயைச் சுருட்டி, பரணில் போடாமல், கைக்கு எட்டும் இடத்தில் சுவரோரமாகச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.